பதினேழாம் கட்டத்தில் யாரும் இல்லை

எங்கள் அப்பா கடலில் மீன் பிடிப்பதில்லை என்பதை அரசாங்கம் நாற்பத்தைந்து நாள் ஆராய்ந்து கண்டுபிடித்தது. அந்த ஆராய்ச்சிக்குப் படகு ஓட்டியவர் எங்கள் அப்பா.

இதில் அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்களையும் குறை சொல்ல முடியாது என்று அவர்களே அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முழுக்கப் படித்துவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் புள்ளியியலில். அதனால் கரண்ட் பில், கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ், மாத்திரை அட்டையின் பின்பக்கம் என்று எழுத்து ஒட்டியிருக்கும் எதுவும் என் மடியில்தான் வந்து விழும். கடல் காகிதமாக மாறி வந்தபோது அதுவும் என் மடியில் விழுந்தது.

அனுப்பியது தேசியக் கடல்வெளித் திட்டமிடல், ஒதுக்கீடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையம். நாட்டின் கடல் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் யாருக்கு என்று வண்ணம் பூசுவது அதன் வேலை. கப்பலுக்கு ஒரு வண்ணம், காற்றாலைக்கு ஒன்று, கடலடிக் கம்பிக்கு ஒன்று, குண்டு போட்டுப் பழகும் கடற்படைக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று. இதில் தப்பில்லை. கப்பல் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனதை நாங்களும் பார்த்திருக்கிறோம். யாராவது ஒழுங்குபடுத்தினால் தேவலை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஒழுங்குபடுத்த வந்தவர்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். கோளாறு அங்கே தொடங்கியது.

எங்கள் ஊரில் பதினோரு சிறு படகுகள். அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேர ஓட்டத்தில் கடலடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. மேடு என்போம். அதற்குப் பலகையோ வேலியோ கிடையாது. கலங்கரை விளக்கும் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். அப்பா கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடிப்பார். ஆஸ்பத்திரி விளக்கு அந்த விரலின் அகலத்துக்கு இடப்பக்கம் தள்ளியிருந்தால் கீழே மேடு. இருட்டில் மீன் அங்கே மேயும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஏழரை எட்டுக்கெல்லாம் பதினோரு படகும் கரையில் இருக்கும். அந்த மேட்டில்தான் எங்கள் சோறு, என் காலேஜ் பீஸ், அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாமே.

ஆணையத்தின் கள ஆய்வு அலுவலர் கரையில் வந்து நின்றபோதே பாதி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் அவருக்கு எலுமிச்சை சார் என்று பெயர் வைத்துவிட்டது.

"காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் சும்மா இருக்கிற படகு ஒண்ணு வேணும்" என்றார்.

"எல்லாப் படகும் அப்ப சும்மாதான் சார் இருக்கும்" என்றார் அப்பா.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் எழுதிக்கொண்டிருந்தால் மீதிக் கதை நடந்திருக்காது. அவர் ஒரு கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. மறு கையில் வாந்திக்கான பை.

அப்பாவின் படகு பேசி முடிக்கப்பட்டது. முதல் நாள் துறைமுகச் சுவரைத் தாண்டும்முன்பே எலுமிச்சை சார் இரண்டு முறை குனிந்தார்.

"ஆடாத இடமா பார்த்துப் போங்களேன், புண்ணியமாப் போகும்."

"கடல்ல ஆடாத இடத்துக்கு எங்க சார் போறது?" என்றார் அப்பா. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. நங்கூரம் நல்லாப் பிடிக்கிற, கொஞ்சம் அடங்கின இடம் ஒன்று தெரியும். வெளியாள் யாருக்கும் காட்டாத இடம். வாந்தி எடுக்கிறவனைப் பார்த்துப் பாவப்பட்டு அப்பா அவரை மேட்டுக்குக் கூட்டிப்போனார். ஆணையத்தின் வரைபடத்தில் அது பதினேழாம் கட்டத்தின் நடுமையம். நாற்பத்தைந்து நாளும் படகு அங்கேயே நின்றது.

படிவத்தில் நாலு பத்திகள்: நேரம், காணப்பட்ட மீன்பிடிக் கலம், வகை, குறிப்பு. அடியில் பொடி எழுத்தில் ஒரு அறிவுறுத்தல்: ஆய்வுப் படகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருந்த ஒரே மீன்பிடிப் படகை எலுமிச்சை சார் முறைப்படி கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரை உணவு இடைவேளை என்று படிவத்திலேயே குறுக்குக் கோடு அச்சடித்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா தூண்டில் போடுவார். அந்த வெயிலிலும் வழி தவறிய ஒன்றிரண்டு மாட்டும். படகிலேயே ஸ்டவ் பற்றவைத்து வறுத்துக் கொடுப்பார். எலுமிச்சை சார் முள்ளைக் கடலில் துப்பிவிட்டுச் சரியாக இரண்டு மணிக்குப் படிவத்தை எடுத்து "எதுவுமில்லை" என்று எழுதுவார்.

தாளின் அடியில் இன்னொரு கோடு இருந்தது. படகோட்டியின் கையொப்பம்.

அதைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கைநாட்டு வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டு வகுப்பு முழுக்கக் காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவை உட்காரவைத்தேன். இரண்டு மாதம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், அவர் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்தேன். மற்ற எழுத்துகளுக்கு அவருக்கு நேரமில்லை, எனக்குப் பொறுமையில்லை. கடைசி எழுத்தின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவார். அந்த வளைவு அவராகச் சேர்த்தது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார்.

நாற்பத்தைந்து தாளிலும் மடித்துக்கொண்டு உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து ஏலக்கொட்டகைச் சுவரில் வரைபடம் ஒட்டப்பட்டது. கடல் அழகாக இருந்தது, குழந்தைகள் விளையாடும் பலகை மாதிரி. பதினேழாம் கட்டம் மட்டும் சாம்பல் நிறம். ஓரத்தில் விளக்கம் இருந்தது. நான் உரக்கப் படித்தேன்.

"பயன்பாடு அற்ற பகுதி. எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதன்பின் உள்ளே நுழையும் படகுகளின் பதிவு ரத்து செய்யப்படும்."

"என்ன தேவைக்காம்?" என்று கேட்டார் சித்தப்பா. அப்பாவின் தம்பி, அப்பாவோடு ஒரே படகில் போகிறவர்.

"அது எதிர்காலத்துலதான் தெரியுமாம்."

"யாரும் இல்லைங்கிறதை எப்படிடி கண்டுபிடிச்சாங்க?" என்றாள் அம்மா.

"நாற்பத்தஞ்சு நாள் போய்ப் பார்த்தாங்களாம்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வரைபடத்தைப் பார்த்தார்.

"நல்ல வேலை பார்த்தீங்க. திருடனுக்கு ஏணி பிடிச்சிட்டு, மீன் வேற வறுத்துக் குடுத்திருக்கீங்க" என்றாள் அம்மா.

மறுநாள் நகரத்துக்குப் போனோம். ஆணையத்தின் அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு மீன் தொட்டி. கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்திருக்கிறது. அதை மறைத்துக் கடலின் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள்.

மூன்றாம் எண் மேசையில் எலுமிச்சை சார். தரையில் அவர் வேறு மனிதர். முதுகு நிமிர்ந்திருந்தது, குரலில் கனம் சேர்ந்திருந்தது.

"சார், என்னைத் தெரியுதா? நாந்தான் படகு..."

"தெரியும். படகோட்டி. என்ன விஷயம்?"

"பதினேழாம் கட்டத்துல நான்தான் சார் மீன் பிடிக்கிறேன். நீங்க உட்கார்ந்திருந்தீங்களே, அதே இடம். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியும். அலுவலக முறையில தெரியாது. அந்த நேரத்துல நீங்க படகோட்டி. மீனவர் இல்லை. மீனவர் யாராவது வந்திருந்தா நான் எழுதியிருப்பேன். நீங்களே சொல்லுங்க, யாராவது வந்தாங்களா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். நேர்மையான ஆள். "வரலைதான் சார்" என்றார்.

"பார்த்தீங்களா?"

நான் குறுக்கே புகுந்தேன். "ஆந்தையைப் பகல்ல தேடிட்டு ஊர்ல ஆந்தையே இல்லைன்னு எழுதுவீங்களா சார்? மூணு மணிக்கு வந்து பாருங்க."

"மூணு மணின்னா மத்தியானம்தானே?"

"விடியக்காலை."

எலுமிச்சை சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த நேரத்துல அலுவலகம் இல்லையேம்மா. அலுவலகம் இல்லாத நேரத்துல கடல்ல என்ன நடந்தாலும் அது நடந்ததா எப்படி எடுத்துக்க முடியும்?"

ஆட்சேபத்துக்கு ஒன்பதாம் எண் படிவம் கொடுத்தார். பயன்படுத்தும் இடத்தின் முழு முகவரி. நான்கு எல்லைகள். அதே கட்டத்தில் வசிக்கும், உறவினர் அல்லாத, இரண்டு அண்டை வீட்டார் கையொப்பம்.

"சார், இது கடலு" என்றார் அப்பா.

"அதனாலதான் எல்லையைத் தெளிவா எழுதணும். நிலம்னா வேலி இருக்கும், நாங்களே பார்த்துப்போம்."

நான்கு எல்லைக்கும் அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். கிழக்கே தண்ணீர், மேற்கே தண்ணீர், வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர். பத்து நாளில் திரும்பி வந்தது: "நான்கு எல்லைகளும் ஒன்றுபோல் உள்ளன. வேறுபடுத்திக் காட்டவும்." அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, கிழக்கே கறுத்த தண்ணீர், மேற்கே கலங்கிய தண்ணீர், வடக்கே நீரோட்டம் இழுக்கிற தண்ணீர், தெற்கே நுரை ஒதுங்குகிற தண்ணீர் என்றார். ஒவ்வொன்றும் உண்மை. ஏற்றுக்கொண்டார்கள். அண்டை வீட்டார் பகுதியில் "கடலுக்குள் யாரும் குடியில்லை" என்று எழுதினோம். அதற்கும் முத்திரை வைத்தார்கள். பயன்பாடு அற்ற பகுதி என்ற ஆணையத்தின் முடிவுக்கு மனுதாரரே சான்றளித்துள்ளார் என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது நேரடிச் சரிபார்ப்பு. மனுதாரர் சம்பந்தப்பட்ட இடத்தில் இருப்பதை அலுவலர் தன் கண்ணால் பார்த்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். பத்து மணிக்கு எலுமிச்சை சார் வந்தார். அப்பாவின் படகில்தான் போனோம். ஆணையத்திடம் வேறு படகு கிடையாது. மேட்டுக்குப் போய் நங்கூரம் போட்டதும் எலுமிச்சை சார் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மனுதாரர் எங்க?"

"நான்தான் சார்."

"நீங்க ஆய்வுப் படகுல இருக்கீங்க. ஆய்வுப் படகுல இருக்கிறவங்களைக் கணக்குல சேர்க்கக் கூடாது. மனுதாரர் தனியா இருக்கணும்."

"தனியான்னா எங்க சார்?"

எலுமிச்சை சார் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தண்ணீரைக் காட்டினார்.

அப்பா சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கடலில் குதித்தார். ஐம்பத்து மூன்று வயது. கழுத்தளவு தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டு மிதந்தார். எலுமிச்சை சார் படகின் விளிம்பில் குனிந்து கேள்வி கேட்டார்.

"தொழில்?"

"மீன் பிடி..." ஒரு அலை வந்து மீதியை அடைத்தது.

"தொழில் தெளிவாகச் சொல்லப்படவில்லை" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "எத்தனை வருஷமா இந்த இடத்துல இருக்கீங்க?"

"முப்பத்தொம்பது!"

"இப்பத்தானே குதிச்சீங்க?"

சித்தப்பா நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு எலுமிச்சை சார் வலை போட்டுக் காட்டச் சொன்னார். மணி பன்னிரண்டு. நடு வெயிலில் வலை போட்டதும் எடுத்ததும் ஒன்றுதான். குறிப்பில் இப்படி எழுதினார்: "மனுதாரர் ஒத்துழைத்தார். மீன் ஒத்துழைக்கவில்லை."

ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்த அப்பாவை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை வருஷமாக் கடலுக்குப் போற மனுஷன் இன்னைக்குத்தான் நனைஞ்சு வந்திருக்கார்" என்றாள். துண்டை அவர் தலையில் போட்டுத் துவட்டிவிட்டாள். பலமாகவே துவட்டினாள்.

முப்பது நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கடலைப் பற்றிய கூட்டம் என்பதால் கடலிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி, ஒரு மலை அடிவாரத்து நட்சத்திர ஹோட்டலில் வைத்திருந்தார்கள். மேடையில் நீலத் திரை, கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சால் செய்த அலை. ஆணையத்தின் இயக்குநர் பேசினார். நல்ல குரல்.

"இந்த நாட்டுல கடல் ரொம்ப காலமா ஒரு திட்டமும் இல்லாமக் கிடந்துது. மீன் நினைச்ச பக்கம் போச்சு. மீன் பின்னாடியே படகு போச்சு. யாரைக் கேட்டுப் போச்சுங்கிறதுக்கு ஒரு கோப்பு உண்டா? கிடையாது. நான் இந்தப் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி கடலை ரெண்டே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். ஒரு தடவை விமானத்துல இருந்து. அதனாலதான் எனக்கு யார் மேலயும் சாய்வு இல்லை. கடற்கரை ஊர்ல இந்தக் கூட்டத்தை வைக்கலையேன்னு கேட்கிறாங்க. வச்சா அங்க இருக்கிறவங்கதான் வருவாங்க. அவங்க கருத்துதான் நமக்கு ஏற்கனவே தெரியுமே! இந்தத் திட்டத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலைங்கிறதைப் பெருமையோட சொல்லிக்கிறேன். புகார் படிவம் அடுத்த மாசம் அச்சாகி வருது."

கைதட்டினார்கள். தட்டியவர்கள் பாதிப் பேர் அடுத்த அறையில் நடந்த பல் மருத்துவர் மாநாட்டுக்கு வந்து வழி தவறியவர்கள் என்று பிறகு தெரிந்தது.

கருத்துச் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம், முடிந்தால் மேடையில் சிவப்பு விளக்கு எரியும். நான் மைக்கைப் பிடித்தேன். ஆய்வு நேரத்தையும் மீன் பிடிக்கும் நேரத்தையும் சொன்னேன். ஒரே படகை வைத்துக்கொண்டு அதையும் எண்ணாமல் விட்டால் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம்தான் வரும், இதைச் சொல்லப் புள்ளியியல் பட்டம்கூடத் தேவையில்லை என்றேன்.

இயக்குநர் கோபப்படவில்லை. சிரித்தார். "நல்லாப் பேசுறீங்கம்மா. ஆனா ஆவணம்னு ஒண்ணு இருக்கே" என்று கையசைத்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு தாள் விரிந்தது. எதுவுமில்லை, எதுவுமில்லை, எதுவுமில்லை என்று மேலிருந்து கீழ்வரை. அடியில், ஒரு ஆள் உயரத்துக்கு, அப்பாவின் கையெழுத்து. தூண்டில் முள் வளைவோடு.

"இது யார் கையெழுத்து?"

அப்பா எழுந்து நின்றார். "என்னுதுங்க."

"நாற்பத்தஞ்சு நாளும் நீங்களே போட்டது?"

"ஆமாங்க."

"யாரும் மீன் பிடிக்கலைன்னு எழுதியிருக்கு. படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

"இல்லைங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அதைப் போட மட்டும்தான் தெரியும்."

பல் மருத்துவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

இயக்குநர் ஒரு சிறு புத்தகத்தை உயர்த்தினார். "படிக்கத் தெரியாதவங்களுக்குன்னே ஒரு விதி இருக்கு. நானே உட்கார்ந்து எழுதினது. எவ்வளவு மனிதாபிமானத்தோட எழுதியிருக்கேன், கேளுங்க. 'படிக்கத் தெரியாதவரிடம் கையொப்பம் பெறக் கூடாது. கைநாட்டே பெற வேண்டும். அதற்குமுன், படிக்கத் தெரிந்த ஒரு சாட்சியின் முன்னிலையில், படிவம் முழுவதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கூறுவது அனைத்தையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று அவர் கூறிய பிறகே படிவம் நிறைவுபெறும்.' இதைவிட ஒரு அரசாங்கம் என்ன செய்ய முடியும்? ஆனா இவர் கையெழுத்துப் போட்டுட்டார். போட்டதால இந்த விதி இவரைக் காப்பாத்தாது. இது ஆணையத்தோட தப்பா? இவருக்குக் கையெழுத்துக் கத்துக்கொடுத்தது யாரோ, அவங்க தப்பு."

மைக் என் கையில்தான் இருந்தது. வகுப்பில் என் மதிப்பெண் அட்டையைத் தூக்கிக் காட்டியவளின் சிரிப்பு பதினாறு வருஷம் கழித்துக் குளிர்சாதன அறையில் கேட்டது. சிவப்பு விளக்கு எரிய இன்னும் இருபது நொடி இருந்தது. அந்த நொடிகளில்தான் அவர் படித்த முதல் வரி திரும்ப ஓடியது.

"பெறக் கூடாதுன்னு உங்க விதி சொல்லுது சார். நாற்பத்தஞ்சு தடவை பெற்றிருக்கீங்க. அப்ப அந்த நாற்பத்தஞ்சு தாளும் செல்லாது. போட்டவர் மேல தப்பில்லை, வாங்கினவங்க மேல."

சிவப்பு விளக்கு எரிந்தது. மேடையில் குனிந்து குனிந்து பேசிக்கொண்டார்கள். தானே எழுதிய விதி தப்பு என்று சொன்னால் இயக்குநருக்கு அவமானம். சரி என்று சொன்னால் ஆய்வுக்கு அவமானம். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆய்வைக் கைவிட்டார்.

"மறு ஆய்வு செய்யப்படும். அதே கட்டம், அதே படகு, அதே நேரம்."

"நேரத்தையாவது மாத்துங்க சார்!"

"அலுவலக நேரத்தை மாத்துற அதிகாரம் கடல் ஆணையத்துக்கு இல்லைம்மா. அது வேற துறை. படிவம் நிறைவாகிற வரைக்கும் பதினேழாம் கட்டத்துல பழைய நிலையே தொடரும். அடுத்த கருத்து?"

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த விதியை அப்பாவுக்கு இன்னொரு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"ஆனா பாப்பா, அவ்ளோ பெருசா பார்க்கிறப்ப என் கையெழுத்து நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"இனிமே போட முடியாது."

அவருக்குப் படிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கலாம். இரண்டு மாதத்தோடு நிறுத்தியது நான்தான். அவமானம் எனக்குத் தீர்ந்தவுடன் பாடத்தையும் நிறுத்திவிட்டேன்.

மறு ஆய்வின் முதல் நாள். அப்பா வழக்கம்போல இரண்டரைக்குப் போய் எட்டுக்குத் திரும்பி, மீனை இறக்கிவிட்டு, பத்து மணிக்கு எலுமிச்சை சாரை ஏற்றிக்கொண்டார். சாட்சி என்ற முறையில் நானும் ஏறினேன். நாலரை மணிக்கு எலுமிச்சை சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அலைக்குச் சமமாக ஆடிக்கொண்டு, உரக்கப் படித்தார்.

"இன்று காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பதினேழாம் கட்டத்தில் மீன்பிடிக் கலம் எதுவும் காணப்படவில்லை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"வேற சொல்ல ஏதாவது இருக்கா?"

எங்கள் அப்பா அதிகம் பேச மாட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம் என்பாள் அம்மா. எலுமிச்சை சார் மைப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார்.

"இருக்கு சார்" என்றார் அப்பா.

"சொல்லுங்க, சுருக்கமா."

"சுருக்கமான்னு விதியில இருக்கா பாப்பா?"

"இல்லைப்பா. அனைத்தையும் அப்படியேன்னு இருக்கு."

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "நான் மொத மொத இந்த மேட்டுக்கு வந்தப்ப எனக்குப் பதினாலு வயசு சார். மார்கழி மாசம். எங்கப்பா பின்னாடி உட்கார்ந்திருந்தார். தண்ணி அன்னைக்கு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னா..."

ஐந்து மணிக்கு எலுமிச்சை சார் பேனாவை மூடினார். அலுவலக நேரம் முடிந்தது. ஆனால் படிவம் முடியவில்லை. அப்பாவின் கதையில் இன்னும் முதல் வலையே இறங்கவில்லை. முதல் நாள் படிவம் நிறைவாகாமல் இரண்டாம் நாள் படிவத்தைத் தொடங்கக் கூடாது. அதற்கும் விதி இருந்தது. மறுநாள் பத்து மணிக்கு அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. நாற்பத்தைந்து நாள் ஆய்வில் இன்னும் முதல் நாள்தான் நடந்துகொண்டிருக்கிறது. இணைப்புத் தாள் ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது. எந்த மாதத்தில் எந்த மீன் எந்தப் பக்கத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், எந்தக் காற்றில் ஏறாது, எந்த வருஷம் கப்பல் வந்து யார் வலையை அறுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆணையத்திடம் உள்ள காகிதங்களில் கடலைப் பற்றியது அது ஒன்றுதான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அப்பாவின் கைநாட்டு. மை ஊறி ஊறிக் கட்டைவிரல் நீலமாகவே போய்விட்டது. சோற்றில் பட்டால் ஒட்டுகிறது என்று அம்மா கரண்டி கொடுத்திருக்கிறாள். அந்த விரலைத்தான் விடியலில் நீட்டிப் பிடித்து மேட்டை அளக்கிறார். பதினோரு படகும் போகின்றன, வருகின்றன.

அப்பாவுக்குத் தூக்கம்தான் போய்விட்டது. விடியும்முன் மீன், பகல் முழுக்கப் பேச்சு. கண்ணுக்கடியில் கறுத்திருக்கிறது, இளைத்துவிட்டார். இரண்டு நாள் காய்ச்சலோடும் வந்து பேசினார். தன் கடலில் தான் இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷனுக்கு உடம்பு தேய வேண்டும் என்பதுதான் இந்த நாட்டின் திட்டமென்றால், திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது.

எலுமிச்சை சாருக்கு இப்போது எலுமிச்சம்பழம் தேவைப்படுவதில்லை. விரல் மட்டும் வீங்கியிருக்கிறது. சில நாள் அப்பா நடுவில் நிறுத்தினால், "அப்புறம்? அந்தச் சுறா என்னாச்சு?" என்று அவரே கேட்கிறார்.

போன திங்கட்கிழமை அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். இயக்குநர் அனுப்பியது. விதிப்படி அதையும் உரக்கப் படித்தார். பதினேழாம் கட்டத்தை எதிர்காலத்திடம் ஒப்படைக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகிறதாம். படகோட்டி இன்னும் எத்தனை நாளில் சொல்லி முடிப்பார் என்று உடனடியாகத் தெரிவிக்க வேண்டுமாம்.

"என்ன எழுதட்டும்?" என்றார் எலுமிச்சை சார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அந்தக் கடலில் கேட்பதற்கு எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும். "நீங்க இப்ப எந்த வருஷத்துல இருக்கீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "இவ பொறக்கலை சார் இன்னும். எனக்குக் கல்யாணமே ஆகலை."

எலுமிச்சை சார் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்து, காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, முறைப்படி கேட்டார்.

"வேற சொல்ல ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் அப்பா. "எழுதுங்க."